ஏழு இடங்களில் முப்பத்திரண்டு ஆம்பியர்

ஒயர் அக்கா முதல்முறை என் தையல் கூடத்துக்குள் நுழைந்தபோது, துணி தைக்கக் கொடுக்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவிக்கொண்டே எழுந்து, "வாங்க, யாருக்குத் தைக்கணும்?" என்று கேட்டேன். அவர் தோள்பையை இறக்கி வெட்டு மேசைமேல் வைத்தார். உள்ளே இரும்புச் சாமான்கள் உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"கரண்ட் வேலைக்குக் கூப்பிட்டிருந்தீங்களே," என்றார்.

நான் கூப்பிட்டது அவருடைய கணவரை. எங்கள் பகுதியில் அவருக்கு ஏணி என்று பெயர். ஆளே உயரம், போதாததற்கு எந்நேரமும் தோளில் ஓர் ஏணியோடுதான் நடப்பார். நான் அவரை ஏணி அண்ணன் என்பேன். முகம் சுளிக்காத மனுஷன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாசல் விளக்கை மாட்டும்போது விழுந்து முதுகில் அடிபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். இதற்குள் எழுந்து நடமாடியிருப்பார் என்ற எண்ணத்தில்தான் அதே எண்ணுக்கு போன் செய்தேன். பேசியது ஒரு பெண் குரல். வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேனே தவிர, பேசியவரே வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். பதினான்கு வருடம் கடைத்தெருவில் ஒரு மின்சாமான் கடையில் ஒயர் அளந்து கொடுத்திருக்கிறார். வருகிறவர்கள், "நல்ல ஒயரா பத்து மீட்டர் குடும்மா" என்பார்களாம். "எதை ஓட்டப் போறீங்க?" என்று கேட்காமல் ஒரு மீட்டர்கூட வெட்ட மாட்டாராம். அதற்காக முதலாளியிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கணவர் விழுந்த பிறகு, கடை வேலையோடு மின்பணி உரிமத்துக்கான பரீட்சைக்குப் படித்து, நாற்பத்தோராவது வயதில் எழுதித் தேறினார். பரீட்சைக் கூடத்தில் இருபத்துமூன்று ஆண்கள், இவர் ஒருத்தி. கூட வந்தவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும் என்று இவரை வெளியே போகச் சொன்னாராம் அங்கிருந்த அதிகாரி. "நான்தான் சார் கூட வந்தவ. என்கூட நானே வந்திருக்கேன்," என்று அனுமதிச் சீட்டைக் காட்டினாராம்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒரு மருத்துவமனைக்கு இருநூற்று நாற்பது ஜோடி சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து கூடத்தில் ரப்பர் கருகும் வாசனை அடிக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் நேரே போர்டைத்தான் திறந்திருப்பார்கள். ஒயர் அக்கா சுவரோரமாக நடந்து, புறங்கையை அங்கங்கே வைத்துப் பார்த்தார். இஸ்திரி மேசைக்குப் பின்னால் வந்ததும் கையை வெடுக்கென்று எடுத்தார். காய்ச்சலடிக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"அக்கா, இங்க என்னென்ன ஓடுதுன்னு ஒன்னு விடாம சொல்லுங்க," என்று ஒரு நோட்டை எடுத்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். யார் மூத்தவர் என்று இன்றுவரை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் ஒருவருக்கு நஷ்டம்.

"மெஷின் ஆறு," என்றேன். குனிந்து மோட்டாரின் அடியில் இருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார். ஒவ்வொன்றும் நானூறு வாட். இஸ்திரிப் பெட்டி இரண்டு, ஆயிரம் ஆயிரம். மின்விசிறி நாலு, குழல் விளக்கு எட்டு. மூலையில் இருந்த வெந்நீர்க் கெட்டிலையும் தூக்கிப் பார்த்து ஆயிரத்தைந்நூறு என்று எழுதினார்.

"அது டீ போடறதுக்குங்க. அதையெல்லாம் கணக்குல சேர்க்காதீங்க."

"ஒயருக்கு டீன்னு தெரியாதே அக்கா," என்றார், தலை நிமிராமல்.

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும்தான்.

கூட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட ஆறாயிரத்தைந்நூறு வாட். எங்கள் ஊர் மின்னழுத்தத்தால் வகுத்தால் இருபத்தெட்டு ஆம்பியர். "இது சும்மா ஓடும்போது. மோட்டார் கிளம்புற நொடியில அஞ்சாறு மடங்கு இழுத்துட்டுத்தான் அடங்கும். இஸ்திரிப் பெட்டி அப்படி இல்ல. எடுத்ததும் எவ்வளவோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான். ஆனா மணிக்கணக்கா இழுக்கும். ரெண்டும் ரெண்டு சாதி லோடு. ரெண்டையும் ஒரே லைன்ல கட்டி வெச்சிருக்கு," என்றபடி போர்டு மூடியைத் திருகிக் கழற்றினார்.

திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த பிரேக்கரை யார் மாத்தினது?"

"உங்க வீட்டுக்காரர்தான்," என்றேன் பெருமையாக. "அதுக்கு முன்னாடி நாளைக்கு நாலு தடவை டப்பு டப்புன்னு விழுந்து கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும். அண்ணன் மாத்தினார் பாருங்க, இந்த எட்டு மாசமா ஒரு தடவை விழலையே!"

அவர் மெயினை இறக்கினார். ஆறு மெஷினும் ஒரே மூச்சில் நின்றன. இஸ்திரி மேசைக்குப் பின்னால் சுவர்ப் பெட்டியைத் திறந்து, ஒயரை ஒரு சாண் நீளம் வெளியே இழுத்து வெட்டி என் கையில் கொடுத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய மேலுறை காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. வளைத்தேன். பொரபொரவென்று உதிர்ந்து உள்ளே இருந்த செம்பு தெரிந்தது.

"பிரேக்கர் உங்க மெஷினுக்குக் காவல் இல்ல அக்கா. சுவருக்குள்ள போற ஒயருக்குத்தான் காவல். இது ஒன்னரை ஒயர், செம்போட கனம் ஒன்னரை சதுர மில்லிமீட்டர். மிஞ்சிப் போனா பதினஞ்சு ஆம்பியர் தாங்கும். முன்னாடி இங்க பத்து ஆம்பியர் பிரேக்கர் இருந்திருக்கும், அதனாலதான் விழுந்துக்கிட்டே இருந்தது. இப்ப இருக்கிறது முப்பத்திரண்டு. இருபத்தெட்டு போனா அது ஏன் விழப் போகுது? ஒயர்தான் உள்ளுக்குள்ளேயே வெந்துக்கிட்டு இருந்திருக்கு."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இருநூற்று நாற்பது ஜோடியை யார் தைப்பது? "இன்னிக்கு ஒரு நாளாவது ஓட்டிக்கறேன், நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. இதே மாதிரிதான் எட்டு மாதத்துக்கு முன்னால் ஏணி அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர், "ஒயரையும் சேர்த்து மாத்தணும், ரெண்டு நாள் ஆகும்," என்றார். நான்தான் விடவில்லை. "இப்போதைக்கு விழாம ஏதாவது பண்ணிக் குடுங்கண்ணே, ஆர்டர் முடியட்டும்," என்று கெஞ்சிக் கூத்தாடினேன். அப்போது மெஷின் ஆறு, இஸ்திரிப் பெட்டி ஒன்று. அதன் பிறகு இன்னொரு பெட்டியையும் கெட்டிலையும் யாரையும் கேட்காமல் நானாகவே சொருகினேன்.

இதையெல்லாம் ஒயர் அக்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அவர் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்," என்றார். வெட்டிய ஒயர்த் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நடந்ததை வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார்.

ஏணி அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அக்கா அந்தத் துண்டை அவர் மடியில் வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தவர், எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை.

"தையல்காரம்மா வீடா?" என்றாராம்.

"இன்னும் எத்தனை இடம்?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

"அதோட சேர்த்து ஏழு."

யோசிக்கவே இல்லை. படுத்த நாளிலிருந்து அந்த ஏழையும்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எது முதலில் பற்றும், எது கொஞ்ச நாள் தாங்கும் என்று வரிசை போட்டு வைத்திருந்தார். பெரிய வேலை ஒன்றில் மிஞ்சிய ஒரு பெட்டி பிரேக்கர் கையில் இருந்திருக்கிறது, எல்லாமே முப்பத்திரண்டு. 'விழுது, விழுது' என்று நச்சரித்த இடங்களில் எல்லாம், அடுத்த வாரம் வந்து ஒயரை மாற்றிவிடலாம் என்று அதைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த அடுத்த வாரம்தான் ஏணியிலிருந்து விழுந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாராம்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிச்சே. லோடைவிட பிரேக்கர் பெரிசா இருக்கணும், பிரேக்கரைவிட ஒயர் பெரிசா இருக்கணும், இந்த வரிசை மாறக் கூடாதுன்னு இதே ரூம்ல நடந்து நடந்து மனப்பாடம் பண்ணினே. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

ஒயர் அக்கா கத்தவில்லையாம். கத்தியிருந்தால் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தெரிந்ததால்தான் கத்தவில்லையாம். நோட்டை நீட்டி, "எழுதுங்க, ஏழையும்," என்றாராம்.

முதலில் என் கூடத்தை எடுத்துக்கொண்டார். ஒரே லைனாக இருந்ததை மூன்றாகப் பிரித்தார். மெஷின்களுக்கு நாலு சதுர மில்லிமீட்டர் ஒயர், இருபது ஆம்பியர் பிரேக்கர். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் வகை. இஸ்திரிக்கும் கெட்டிலுக்கும் தனியாக இன்னொரு லைன், அதே நாலு அளவு ஒயர், அதற்கும் இருபது. விளக்குக்கும் விசிறிக்கும் புதிதாக ஒன்றரை ஒயர், ஆறு ஆம்பியரே போதும். "இஸ்திரி லைனுக்கு இப்ப பதினஞ்சு வருது. நாள் பூரா ஓடுறதால கால் பங்கு கூட வெச்சுப் பாக்கணும். அப்படி வெச்சா பத்தொன்பது. இருபதுக்குள்ள அடங்குது. மூணாவது இஸ்திரிப் பெட்டி வாங்குற யோசனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்றார். இருந்தது. இல்லை என்றேன்.

குழாய்க்குள் ஒயர் இழுக்க ஆள் வேண்டும். சும்மாதான் இருக்கிறோம் என்று என்னிடம் தைக்கும் பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒரு முனையில் அக்கா தள்ள, மறுமுனையில் ஆறு பேர் வரிசையாக நின்று இழுத்தார்கள். "ஊசியில நூல் கோக்கறதுதானே!" என்றாள் ஒருத்தி. முதல் இழுப்பிலேயே ஒயர் வழுக்கி ஆறு பேரும் துணி மூட்டைமேல் போய் விழுந்தார்கள். இரண்டரை நாளில் வேலை முடிந்தது. சீருடை நாலு நாள் தாமதமாகப் போனது. மருத்துவமனைக்காரர்கள் இரண்டு வார்த்தை கடிந்தார்கள். அவ்வளவுதான், உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

மற்ற ஆறு இடங்களில்தான் அவர் பட்டபாடு. முடி வெட்டும் கடையில் பெரிய பிரேக்கரை எடுத்துவிட்டு ஒயருக்குத் தகுந்ததைப் போட்டார். மறுநாளே, இரண்டு முடி உலர்த்தும் கருவியையும் தண்ணீர் சூடாக்கியையும் ஒன்றாகப் போட்டதும் விழுந்துவிட்டது. "ஏணி அண்ணன் போட்டது ஒரு நாளும் விழுந்ததில்ல. உங்க கை பட்டுது, விழ ஆரம்பிச்சிடுச்சு," என்றாராம் கடைக்காரர், நாற்காலியில் சோப்பு நுரையோடு ஆள் இருக்கும்போதே. "விழறதுதான் அதோட வேலை. புது லைன் இழுக்கற வரைக்கும் ஒன்னை நிறுத்திட்டு ஒன்னைப் போடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். சலவைக்கடையிலும் அதே பேச்சு. அந்தம்மாவுக்கு வேலை தெரியவில்லை, ஏணி படுத்ததும் எல்லாம் போச்சு என்று கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு யாருடையது என்று தெரிந்துவிடும். அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும், "உங்க ஒயர் சூடாகுது, சரி பண்ண வந்திருக்கேன்," என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசிவரை மிஞ்சி நின்றது பேக்கரி. நோட்டில் ஏணி அண்ணன் அதன் பக்கத்தில், சீக்கிரம் பற்றக்கூடிய இடம் என்று, இரண்டு கோடு போட்டிருந்தார். என் கூடத்துக்கு மட்டும்தான் அப்படி இன்னொரு இரண்டு கோடு. ரொட்டி அடுப்பு மட்டும் மூவாயிரம் வாட். அதோடு மாவு பிசையும் மோட்டார், குளிர்பெட்டி, விளக்கு எல்லாம் ஒரே லைன். இரண்டு தடவை போயும் பேக்கரிக்காரர் உள்ளே விடவில்லை.

"எட்டு மாசமா ஒரு குறையும் இல்லாம ஓடுது. நீங்க தொட்ட இடமெல்லாம் நின்னு போகுதாமே? உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும், திறந்து காட்டறேன்."

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. என் கூடத்துக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பத்திக்கிட்டா உள்ள மூணு பேர் வேலை பாக்கறாங்க," என்று மட்டும் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் கண் கலங்கி நான் பார்த்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் போனதும் நேரே ஏணி அண்ணனைப் பார்க்கப் போனேன். கடைத்தெருப் பேச்சு, பேக்கரி, எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். "எங்க எல்லாருக்கும் சேர்த்து அவங்க ஒருத்தங்க வாங்கிக் கட்டிக்கறாங்கண்ணே," என்றேன். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்த முதுகுப் பட்டையை எடுத்துக் குடும்மா," என்றார்.

மறுநாள் காலை ஒரு வாடகை வண்டியில் மூன்று பேரும் போனோம். வண்டியிலிருந்து பேக்கரி படிவரை பத்தடி இருக்கும். ஊன்றுகோலோடு அதைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடமானது. ஒயர் அக்கா தாங்கிப் பிடிக்கப் போனார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். கடையில் ரொட்டி வாங்க ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"என்னண்ணே, இந்த உடம்போட நீங்க எதுக்கு..." என்று பதறி எழுந்தார் பேக்கரிக்காரர்.

"உங்க போர்டுல இருக்கிற பிரேக்கர் நான் போட்ட தப்பு," என்றார் ஏணி அண்ணன், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒயர் தாங்காதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். வந்து மாத்தணும்னு நெனச்சேன், விழுந்துட்டேன். விழுந்த பிறகு சொல்லியிருக்கலாம், சொல்லல. இவ சரி பண்ணிக்கிட்டு இருக்கிறது என் தப்பை. இவளுக்கு வேலை தெரியலன்னு யாராவது சொன்னா, என் வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லுங்க."

ஒயர் அக்கா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பேக்கரிக்காரர் மெயினை இறக்கிவிட்டு அடுப்புக்குப் பின்னால் இருந்த பலகையை நகர்த்தினார். பலகையின் பின்பக்கம் ஒரு தட்டு அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. இணைப்புப் பெட்டி உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது.

பேக்கரிக்காரர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏணி அண்ணன் பக்கம் திரும்பி, வாயில் வந்தபடி திட்டினார். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டுவிட்டுத்தான் திட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஓய்ந்ததும் பேக்கரிக்காரர் ஒயர் அக்காவிடம், "எத்தனை நாள் மூடணும்?" என்றார்.

"மூணு நாள்."

"மூடறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஏணி அண்ணனை வாடிக்கையாகக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் அந்த வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. வேண்டுமென்றே போட்டான் என்றும் பேசினார்கள். அவர் ஒரு மாதம் வாசலுக்கே வரவில்லை. ஆனால் முடி வெட்டும் கடைக்காரர் ஒரு நாள் தானாக வந்து, "எனக்குப் புது லைன் இழுத்துக் குடுங்கக்கா," என்று நின்றார். சலவைக்கடையும் கூப்பிட்டது. அந்த வருடக் கடைசியில் ஒயர் அக்கா மின்சாமான் கடை வேலையை விட்டார். பதினான்கு வருடமாக அவரைத் திட்டிய முதலாளி, தன் கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது அவர் எண்ணைத்தான் கொடுக்கிறார்.

ஏணி அண்ணன் நடக்கிறார். பாரம் தூக்கக் கூடாது. அக்கா எடுத்துவரும் லோடு கணக்கை வீட்டில் உட்கார்ந்து ஒயர், பிரேக்கர் அளவாக மாற்றி எழுதித் தருவது அவர் வேலை. "ரெண்டரை ஒயரே தாராளம்," என்று அண்ணன் எழுதுவார். "குழாய்க்குள்ள நாலு லைன் ஒன்னா போகுது, சூடு சேரும், நாலு போடுங்க," என்று அக்கா அதை அடித்து மாற்றுவார். இருவரும் நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதுகூட உண்டு. போன வாரம் நான் போயிருந்தபோதும் அப்படி ஒரு மௌனம்தான் நடந்துகொண்டிருந்தது. நடுவில் போன் அடித்தது. பேக்கரிக்காரர்.

"பெரிய அடுப்பு ஒன்னு விலைக்கு வருது. கடைக்காரன் முன்னாடிதான் நிக்கறேன். வாங்கலாமா? ஒயர் தாங்குமா?"

"எத்தனை வாட்டுன்னு தகட்டைப் பாத்துச் சொல்லுங்க," என்று நோட்டை இழுத்தார் ஒயர் அக்கா. சொன்னதை எழுதினார். எழுதியதைக் கணவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் கூட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் இருக்கிறோம் என்பதை மறந்து, "புது லைன் வேணும்மா. இப்போதைக்கு வாங்க வேண்டாம்னு சொல்லு," என்றார்.

"வேண்டாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வர்றோம், பாத்துட்டுச் சொல்றோம்," என்றார் அக்கா போனில்.